எடுக்க வேண்டாத அட்டைகள்

அருகன் துணை

பெரமண்டூர்
9-6-84

அன்பு மகள் சாந்தாமணிக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுத ஆரம்பித்து, யாவரும் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நான் நலம், பசுவும் கன்றும் நலம், பெரியப்பா வீட்டிலும் நலம், அங்கே உன் சுகத்துக்கு எழுது. இத்தனை வருஷமும் கடிதம் எழுதுவது உன் அப்பா வேலை. கடைசியில் இரண்டு விரல் இடம் விட்டு, இந்தா நீயும் ஏதாவது கிறுக்கு என்று தருவார். அந்த இடத்தில் வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதிப் பழகியவளிடம் முழுத் தாளையும் கொடுத்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் போடாததற்குக் காரணம் கோபமில்லை, வேலையுமில்லை. படித்தேன், மடித்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான். நீ கேட்டிருந்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. உங்கள் லைப்ரரி படிப்பில் பூச்சி பிடித்த புத்தகங்களைப் பெட்டியில் அடைத்து மருந்துப் புகை போட்டுப் பூச்சியைச் சாகடிப்பது ஒரு பிராக்டிகல், ஒவ்வொருவரும் தன் கையால் செய்து காட்ட வேண்டும், உனக்குக் கை வரவில்லை, எறும்பை மிதிக்காமல் நடக்கக் கற்றுக்கொடுத்த வீட்டில் வளர்ந்துவிட்டு இதை எப்படிச் செய்வது, பேசாமல் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா, அப்பாவின் புத்தகங்களையாவது கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். நல்ல கேள்விதான். ஆனால் அப்பா போனதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் என் வாயில் சரி என்ற ஒரு வார்த்தைதான் வருகிறது. உனக்கும் சரி என்று ஒரு கார்டு போட்டுவிடுவேனோ என்ற பயத்தில்தான் பதிலே போடாமல் இருந்தேன்.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்களே, அன்றைக்கு மரத்துப்போனது இன்னும் தெளியவில்லை. அழவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள், நீ இருந்தபோதே உன் காதிலும் விழுந்திருக்கும். அழுகை வந்தால் அழமாட்டேனா. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல்தான் சாப்பிடுகிறேன். போன மாதம் திண்டிவனம் தாலுக்கா ஆபீசுக்குப் பெரியப்பா அழைத்துப்போனார், ரேஷன் கார்டில் அப்பா பெயரை எடுக்க வேண்டுமாம். அங்கே ஒருவர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு, பேரை எடுத்தாச்சிம்மா, இனிமே சர்க்கரை கொறையும் என்றார். சரி என்றேன். வெளியே வந்து பெரியப்பா இளநீர் வாங்கிக் கொடுத்தார், குடித்தேன், பஸ் ஏறி வந்தோம். அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை சாந்தா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பொழுது போகாமல் உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். காலையில் புத்தகத்துக்கு நம்பர் போடும் வகுப்பு, மத்தியானம் டைப் மெஷினில் புத்தகத்துக்கு ஒன்றாகப் பேரும் நம்பரும் போட்டு அட்டை அடிப்பது, அப்புறம் பெரிய லைப்ரரியில் ஆளுக்கொரு ராக்கு கொடுத்து இடம் மாறி நிற்கும் புத்தகங்களைத் தேடித் திரும்ப அதனதன் இடத்தில் வைக்கச் சொல்வது என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். உங்கள் வால்டேர் காலேஜ் ஆண்டு விழா நாடகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தராத திருடியாக நீ நடித்த கதையை அப்பா தெரு முழுக்கப் படித்துக் காட்டினார், நமக்கு வந்து பொறந்த பொண்ணு வால்டேர்ல திருட்டு வேஷம் கட்டிக்கினு நிக்குது என்று ஒரே சந்தோஷம். புத்தகத்துக்கு நம்பர் போட ஒரு வருஷப் படிப்பா என்று பெரியப்பா கேட்டபோது, வருஷத்துக்கு ஒரு நாள் புஸ்தகத்துக்குப் பண்டிகையே வச்சிக்கினு இருக்கோம், நாம கேக்கலாமா இத என்று வாயை அடைத்ததும் அவர்தான். இன்னொரு கடிதத்தில் உங்கள் சார் சொன்னதாக எழுதியிருந்தாய், ஒரு புத்தகம் தொலைந்துபோனால் அதன் அட்டையையும் டிரேயிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேடி வருகிறவர் ராக்குவரை நடந்து ஏமாந்து திரும்புவார் என்று. நியாயம்தானே என்றார் அப்பா. அதைப் படித்தபோது நானும் தலையாட்டினேன்.

அவர் சொன்ன அந்தப் பண்டிகை, சுருத பஞ்சமி, போன திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கு ஏட்டையும் புத்தகத்தையும் வெளியே எடுத்துத் தூசி தட்டி, புதுத் துணியில் சுற்றி வைத்துப் பூஜை செய்ய வேண்டும். நீ பொங்கல் லீவுக்கு வந்தபோதுதான் அப்பாவின் அலமாரி கடைசியாகத் திறந்தது. அதன் பிறகு அவர் போனார், நான் திறக்கவில்லை. சாவி என் இடுப்பில்தான் இருந்தது, திறக்கத் தோன்றவில்லை. பண்டிகைக்கு விடக்கூடாதே என்று குளித்துவிட்டுப் போய்த் திறந்தேன். பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி நிற்கிறது, நீ முதுகில் வெள்ளை மையால் எழுதிய நம்பர்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் தட்டில் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். மேலட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளே இருந்து ஈர மண் காலில் கொட்டியது. கரையான். பின் சுவர் வழியாக ஏறி, பலகையைத் துளைத்து, தட்டுத் தட்டாகத் தின்றிருக்கிறது. வெளியே முதுகும் நம்பரும் மட்டும் மிச்சம், உள்ளே தாள் இருந்த இடமெல்லாம் மண். உன்னிடம் மறைக்க முடியாது, நீ ஜூலையில் பட்டியல் போட்டுக் கொடுக்கவேண்டிய புராஜெக்டுக்கு நம்பியிருந்த சமண நூல்கள் இருந்த தட்டும் அதில்தான் போயிற்று.

மேல் தட்டின் ஓரத்தில் ஒரு கூடை அளவுக்குத் தேறியது. ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் துணி விரித்து, மயில்பீலியால் பூச்சியை நோகாமல் தள்ளித் தள்ளி வெயிலில் வைத்தேன். நிலத்து வேலை பார்க்கிற பச்சைமுத்து விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டை எடுக்க வந்தவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஒரு டின் மண்ணெண்ணெயோடு வந்து நின்றான். அம்மா, நீங்க உள்ள போயிடுங்க, உங்க கண்ணுல படாம நான் ஜல்தியா ஊத்திக்கினு வந்துர்றேன், உட்டீங்கன்னா கூரைக்கு ஏறிடும் என்றான். வழக்கம்போலச் சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் டின்னை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நானே ஊற்றுவது என்றுதான் வாங்கினேன். அத்தனை கோபம் எனக்கு. அவர் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்ததை, நான் ஒருத்தி வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே தின்றிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றேன். அவர் போனதிலிருந்து இந்த உடம்பில் உறைத்தது அந்தக் கோபம் ஒன்றுதான். உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிகிறது, தனக்கு யார் மேலும் விரோதமில்லாமல் அதுபாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கிறது. அதற்குள் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது, வாசலில் இருக்கும் புத்தகங்களை உள்ளே எடுக்க வேண்டும், விளக்கு வைத்துவிட்டால் நமக்குச் சாப்பாடு கிடையாது, அதற்கு முன் ஒரு வாய் சாப்பிட வேண்டும். டின்னைக் கீழே வைத்துவிட்டேன். தர்மத்துக்காக வைத்தேன் என்று நினைத்து என்னைப் பெருமையாகப் பேசாதே, அந்த நேரத்தில் கை ஓய்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் ஊற்றப் போனவள் நான், அதையும் தெரிந்துகொள்.

மறுநாள் பச்சைமுத்துவும் அவன் தம்பியும் அலமாரியைக் கரையானோடு அப்படியே தூக்கிப்போய் நம் கொல்லையின் கடைசி வரப்பில் வைத்துவிட்டு வந்தார்கள். தேக்கு மரத்தை மண்ணுக்குக் குடுக்கற பொம்பளய இப்பதான் பாக்கறேன் என்று பெரியப்பா சத்தம் போட்டார். நம் மதத்தில் பிறந்தவர்தான், அவருக்கும் ஊற்ற மனசு வராது, தேக்கையும் விட மனசு வராது. அப்புறம் மெதுவாக, புள்ளைய வரச் சொல்லும்மா, பொம்பளப் புள்ள அவ்ளோ தூரத்துல என்னா பண்ணிக்கினு கெடக்குது, புஸ்தகமும் போச்சி, இனிமே எதுக்கு அந்தப் படிப்பு என்றார். வாயில் சரி வந்து நின்றது. விழுங்கிவிட்டு, வேணாங்க, அவ முடிச்சிட்டே வரட்டும் என்றேன். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார், மறுநாள் வழக்கம்போல வந்தார்.

ஆகையால் உனக்கும் அதுதான் பதில். அப்பாவின் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ள என்று நீ வரவேண்டியதில்லை, பார்த்துக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஒரு கூடைப் புத்தகத்தை நானே பார்த்துக்கொள்வேன். பிராக்டிகலுக்கு உங்கள் சாரிடம் நேரில் போய், என் வீட்டு வழக்கம் இது, என்னால் உயிரைக் கொல்ல முடியாது, வெயிலில் போட்டு எடுக்கவோ தூசி தட்டவோ என்ன வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்று தலையைக் குனியாமல் சொல். ஒத்துக்கொண்டால் நல்லது, மார்க்கு குறைந்தால் குறையட்டும், அதற்காக ஒரு வருஷத்தைத் தூக்கிப் போடாதே. கூடப் படிக்கிறவர்கள் புகை போட்டால் அவர்களைக் குறைவாகவும் நினைக்காதே. உன் அம்மாவே ஒரு சாயங்காலம் டின்னோடு நின்றவள்.

புராஜெக்டுக்கு வழி இருக்கிறது. பொங்கலுக்கு நீயும் அப்பாவும் உட்கார்ந்து எழுதிய அட்டைகள் பத்திரமாக இருக்கின்றன. பிஸ்கட் டப்பாவை வெட்டி, அட்டைகளில் ஓட்டை போட்டு, உடைந்த குடையின் கம்பியைக் கோத்து அவரே ஒரு டிரே செய்தாரே, அது சமையலறைப் பரணில்தான் இருந்தது. காப்பி கொதிக்கிற நேரத்தில் புரட்ட வேண்டும் என்று அங்கே வைத்தார், நான் இடைஞ்சல் என்று திட்டிக்கொண்டே இருந்தேன், அதனால் பிழைத்தது. எந்தப் புத்தகத்தை எங்கே வாங்கினார் என்பதற்கு அட்டையில் இடமில்லை என்று நீ சொல்ல, பின்பக்கம் எழுது என்று அடம்பிடித்தாரே, எல்லாம் இருக்கிறது. நேற்று மத்தியானம் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். திண்டிவனம் சந்தையில் வாங்கியது, மேல்சித்தாமூர் தேர்த் திருவிழாவில் வாங்கியது, விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் தவறியதால் வாங்கியது. அந்த ரயில் எனக்கு ஞாபகமிருக்கிறது, நீ என் வயிற்றில் இருந்தாய், உன் மாமா கல்யாணத்துக்கு ராத்திரிதான் போய்ச் சேர்ந்தோம், அதற்கு அவரை ஒரு வாரம் ஏசினேன். அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன். வெகுநேரம் அழுதேன். பசு கத்தியதும் எழுந்து போய்த் தண்ணீர் காட்டினேன். திரும்ப வந்தபோது பழையபடி மனசில் ஒன்றும் இல்லை, ஆனாலும் ராத்திரி தூங்கினேன்.

டிரேயை அப்படியே துணியில் சுற்றி, திங்கட்கிழமை திண்டிவனம் போஸ்டாபீசில் ரிஜிஸ்டர் பார்சல் போடுகிறேன். அதிலேயே மல்லாட்டை உருண்டையும் வறுத்த அவலும் வைக்கிறேன், அட்டையில் எண்ணெய் படாமல் தனியாகப் பொட்டலம் கட்டுகிறேன். பிராக்டிகல் முடிந்து நீ வருவதற்குள் இருட்டிவிடுகிறது, மெஸ்ஸில் சோறு இருந்தும் பட்டினி கிடக்கிறேன் என்று எழுதியிருந்தாய், அவலை ஒரு டப்பாவில் கொண்டுபோய் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடு, யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். கடலில் அலை பெரிதாம், தோழிகளோடு போனாலும் கரையிலேயே நில். தலைக்கு எண்ணெய் வை. எனக்குத் துணைக்குப் பெரியப்பாவின் மருமகள் வந்து படுத்துக்கொள்கிறாள், என்னை நினைத்துக் கவலைப்படாதே.

எடுத்த படிப்பை நல்லபடியாக முடித்து, தீர்க்காயுசோடும் நல்ல புத்தியோடும் நீ இருக்க அருகனை வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் ஒன்று செய். புத்தகம் போனால் அட்டையையும் எடுத்துவிட வேண்டும் என்பது உங்கள் சட்டம், உங்கள் சார் சொன்னதில் தப்பில்லை, தாலுக்கா ஆபீசிலும் அதைத்தான் செய்தார்கள். நீ எடுக்காதே. ஒன்றைக்கூட எடுக்காதே. தேடி வருகிறவர்கள் ராக்குவரை நடந்து பார்த்து ஏமாந்துதான் போகட்டுமே, நானும் தினம் அப்படித்தான் நடந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஜீ. ராஜமதி