சந்தனம் பட்ட டிஸ்க்

12.9.1999, ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸ்.

என் மகன் ரவியோடு ஆபீஸில் வேலை பார்த்த தேவி மத்தியானம் வந்தாள். சாவதற்கு முந்தின வாரம் அவன் லினக்ஸ் என்று, கம்ப்யூட்டரை ஓட்டும் ஒன்றைப் பதிந்து கொண்டுவந்த டிஸ்கை, அவன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் பாதியில் நின்றுவிட்டது.

"ரவி சரியா பர்ன் பண்ணல போல ஆன்டி. தூக்கிப் போட்டுடுங்க, நான் வேற கொண்டு வரேன்லா."

எனக்குச் சுருக்கென்றது. அவன் கடைசியாகச் செய்தது அது. அதிலா குறை இருக்கும்?

தேவி டிஸ்கை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "ஐயோ, யாரு இதுல பொட்டு வச்சது?"

நான்தான். கருமாதிப் படையலில் அவன் சாமான்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தேன். மேலே அவன் கையெழுத்து இருந்தது. அது மறையக்கூடாதென்று பளபளப்பான பக்கத்தில் வைத்தேன்.

"அந்தப் பக்கத்தைத்தான் ஆன்டி கம்ப்யூட்டர் படிக்கும்!" சிரித்துக்கொண்டே ஈரத்துணியால் துடைத்து மறுபடி போட்டாள். முழுசும் ஏறிவிட்டது. அவன் மேல் தப்பில்லை.

கடைசியில், யார் பயன்படுத்தப்போவது என்று கம்ப்யூட்டர் பேர் கேட்டதாம். "யாரு பேரு போடட்டும் ஆன்டி?"

"ரவின்னே போடும்மா."

அவள் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். போகும்போது எப்படி அணைப்பதென்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். நான் இன்னும் அணைக்கவில்லை. அவன் அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.