விளக்கோடு சேர்த்துத் தேய்த்த கம்பி

என் பிரியமுள்ள மைத்துனன் ஞானப்பிரகாசத்துக்கு,

நீ இருக்கும் இடத்தில் யாருக்கும் பல்வலி வராது என்று உன் அக்கா அடித்துச் சொல்கிறாள். அப்படியானால் உனக்கு அங்கே பொழுது எப்படிப் போகும் என்பதுதான் என் கவலை. எனக்கு உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வேறு யாரிடம் கேட்பது? அரியலூரில் இதைத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

தனலட்சுமியை நினைவிருக்கிறதா? ஜெயங்கொண்டத்துப் பக்கம், முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். மேல்வரிசைப் பற்கள் முன்னே தள்ளி, உதடுகள் ஒன்றோடொன்று சேராமல், பேசும்போதெல்லாம் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டிருப்பாளே, அவள். கல்யாணத்துக்காகவா கம்பி கட்டிக்கொள்கிறாய் என்று நீ கேட்டாய். "அதெல்லாம் இல்லீங்க டாக்டரு. நானும் நாலு பேரைப்போல வாயை மூடிக்கிட்டு உக்காரணும், அவ்வளவுதான்" என்றாள். நீ அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டாய்.

உன் அறையில் மூலை நாற்காலி எனக்கு. பென்ஷன் வாங்கிய வாத்தியாருக்கு வேறு எங்கே போக்கிடம்? கடைவாய்ப் பற்களில் நீ வளையம் மாட்டியதையும், முன்பற்களின் குறுக்கே கம்பியை வளைத்ததையும், பல்லுக்குப் பல் மெல்லிய கம்பியால் முடிச்சுப் போட்டதையும் அங்கேயிருந்துதான் பார்த்தேன். கருங்கல்லில் நட்டாற்போல் இருக்கும் பல் எப்படியப்பா நகரும் என்று கேட்டேன். "வேப்பமரத்து வேரு மதிலைத் தள்ளலையா அத்தான்? பையப் பையத் தள்ளினா எலும்பும் வழி விடும்" என்றாய். அன்றிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் எனக்குப் பேச்சு காதில் விழுவதில்லை, பல்தான் கண்ணில் படுகிறது.

நீ மார்கழியில் காய்ச்சலோடு படுத்தாய். தை பிறக்கும்போது நீ இல்லை. அவள் வாயில் வேலை பாதியில் நின்றது.

திருச்சியில் உன்னோடு படித்த டாக்டருக்கு எழுதினேன். அனுப்பி வையுங்கள் என்று உடனே பதில் போட்டார், நல்ல மனிதர். தாயும் மகளும் ரயிலேறிப் போனார்கள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே நம் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணின் கண் சிவந்திருந்தது. அவள் அம்மா அஞ்சலை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஈறெல்லாம் வீங்கிக் கிடக்குதாம் வாத்தியாரய்யா. அடுத்த தடவையும் இப்படியே வந்தா கம்பியக் கழட்டிடுவேன்னுட்டாரு. கழட்டினா பல்லு பழையபடி முன்னால வந்துடுமாம்."

"பல் ஒழுங்கா தேய்க்கிறதில்லையா?"

"தேய்க்காமலா? நீங்களே பாருங்க. ஏய், வாயைக் காட்டு!"

பார்த்தேன். ஞானம், அங்கேதான் எனக்குப் புத்தி குழம்பியது. ஈறு உப்பி, தொட்டால் ரத்தம் வரும்போல் இருந்தது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. ஆனால் கம்பி? நீ கட்டிய அன்றுகூட அது அப்படி மின்னவில்லை! அதில் முகம் பார்க்கலாம்போல் இருந்தது. கம்பி இவ்வளவு சுத்தமாக இருக்கும் வாயில் ஈறு எப்படிக் கெடும்? இதைத்தான் அன்று முழுவதும் உன்னிடம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால் நான் விடையைப் பார்ப்பதில்லை, போட்ட வழியைப் போட்டுக் காட்டச் சொல்வேன். அதேபோல, "எப்படித் தேய்ப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்றேன்.

தனலட்சுமி கையில் உமிக்கரியைக் கொடுத்தோம். ஆள்காட்டி விரலில் தொட்டு, கம்பியின்மேல் இப்படியும் அப்படியும் இழுத்தாள். விரல் கம்பியில் இடித்து நின்றது. அதற்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. சரி, அதனால் மட்டும் கம்பி இப்படி மின்னாதே?

"இது தினப்படிங்க" என்றாள் அஞ்சலை. "வியாழக்கிழமை சாயங்காலம் நான் தேய்ச்சு விடுவேன். வெள்ளிக்கிழமைக்கு விளக்குத் தேய்ப்போமில்ல? அந்தப் புளியிலயே கொஞ்சம் கிள்ளி, சாம்பலோட சேர்த்து..."

"கம்பியிலயா?"

"பின்ன? டாக்டரய்யாதான் சொன்னாரு, கம்பியச் சுத்தமா வெச்சுக்கணும், அப்பத்தான் பல்லு நேராகும்னு. பித்தளையே அந்தப் பளபளப்பு வருது. இது வராதா?"

உன் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரம் தவறாமல் குத்துவிளக்கோடு சேர்த்துப் பெண்ணின் பல்லையும் தேய்த்திருக்கிறாள் அந்த அம்மாள். அதைவிட அக்கறையாக யார் செய்வார்கள்? நீ சொன்ன கம்பியைத்தான் சுத்தம் செய்தாள். கம்பிக்குப் பின்னால் இருக்கும் பல்லைச் சொன்னாயா, ஞானம்? சொல்லியிருப்பாய். "டாக்டர் பிரஷ் பிடிச்சுக் காட்டலையா?" என்று கேட்டேன். "காட்டினாரு. நாங்க தலையாட்டினோம்" என்றாள் தனலட்சுமி. அந்தத் தலையாட்டலை நான் முப்பது வருஷம் பார்த்தவன். புரிந்தாலும் ஆடும், புரியாவிட்டாலும் ஆடும்.

நீ கொடுத்த பிரஷ் எங்கே என்றால், டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு நடுவே பத்திரமாக இருக்கிறதாம். யுத்தத்துக்குப் பிறகு நல்ல பிரஷ் கிடைப்பதில்லை, பத்திரம் என்று நீ சொன்னாயாம். அவர்கள் உன் பேச்சை எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் பார்!

உன் மேஜை இழுப்பறையில் வேறு பிரஷ் தேடினேன். கிடைத்தவற்றில் எல்லாம் நடு வரிசை முடி குட்டையாக இருந்தது. எலி கடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எலி இவ்வளவு நேராகவா கடிக்கும்? ஒன்றை அவள் கம்பியின்மேல் வைத்துப் பார்த்தேன். கம்பி அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இருபக்கத்து முடிகளும் கம்பியைத் தாண்டிப் பல்லைத் தொட்டன. நீயே கத்தரிக்கோலால் வெட்டினாயா? எங்கே படித்தாய் அதை? அது பன்றி முடி என்று மட்டும் அஞ்சலையிடம் நான் சொல்லவில்லை.

கருவி கிடைத்துவிட்டது. சொல்லிக் கொடுப்பதுதான் பாக்கி. வயல் ஓரத்து வேலியை உதாரணம் சொன்னேன். வேலி நடுவதோடு வேலை முடிந்ததா, வேலிக்கால் அடியில் புல் மண்டினால் அரிவாளைக் கம்பிக்குக் கீழே விட்டு அறுக்க வேண்டாமா என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். தன் பல்லின் அழுக்கைத் தன் கண்ணால் பார்க்காதவளுக்கு என் வேலியும் புல்லும் என்ன செய்யும்?

அப்போதுதான் அஞ்சலையின் வாய் கண்ணில் பட்டது. வெற்றிலை போடும் வாய். வெற்றிலைச் சிவப்பு, பல்லின் நடுவில் ஒட்டாமல், அழுக்குப் படிந்த ஓரங்களில் மட்டும் தங்கியிருந்தது. அழுக்கு இருக்கும் இடத்தைச் சிவப்பு காட்டிக் கொடுக்குமா? தெரியவில்லை. பார்த்துவிடுவதென்று தீர்மானித்தேன்.

"தனலட்சுமிக்குக் கொஞ்சம் வெத்தலை பாக்கு இடிச்சுக் கொடுங்க" என்றேன். கடித்தால் கம்பி தாங்காதே.

அஞ்சலை எழுந்து நின்றுவிட்டாள். "கல்யாணமாகாத பொண்ணு வெத்தலை போடுறதா? ஊருல தெரிஞ்சா என்ன பேசுவாங்க வாத்தியாரய்யா?"

"ஊருலயா போடச் சொன்னேன்? இங்க போடட்டும், இங்கயே துப்பட்டும்."

"சின்ன வயசுல வெத்தலை போட்டா மாடு முட்டும்பாங்க. எம்பொண்ணை மாடு முட்டும்."

"இந்த வூட்டுல மாடே இல்ல அஞ்சலை. வாத்தியாருதான் இருக்காரு, அவரு முட்டமாட்டாரு" என்று உன் அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். அஞ்சலைக்கே சிரிப்பு வந்துவிட்டது. இடிக்க உட்கார்ந்தாள்.

மென்று, துப்பி, வாய் கொப்பளித்ததும், உன் கைக்கண்ணாடியை ஜன்னலருகே வைத்துக் காட்டினேன். ஞானம், நீ பார்த்திருக்க வேண்டும்! கம்பிக்கு மேலே ஈறோரம் நெடுகச் சிவப்பு. வளையங்களைச் சுற்றிச் சிவப்பு. கம்பி மட்டும் வெள்ளையாக நடுவே ஓடியது. தனலட்சுமி கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டாள். முந்தானையை மறந்துவிட்டாள். "யம்மா, நீ தேய்ச்ச எடம் மட்டும் வெளுப்பா இருக்கு பாரேன்" என்றாள். அஞ்சலை குனிந்து பார்த்தாள்.

பிரஷைச் சாய்த்துப் பிடித்து, ஈறோரம் சின்னச் சின்னதாக அசைத்து, கம்பிக்கு மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் என்று காட்டினேன். சிவப்புப் போகும் வரை விடாதே என்றேன். தேய்க்க ஆரம்பித்ததுமே ரத்தம் வந்தது. அஞ்சலை பாய்ந்து பிரஷைப் பிடுங்கிவிட்டாள்.

"போதும் சாமி! ரத்தம் கொட்டுது. நான் புளி போட்டப்பக்கூட இப்படி வந்ததில்ல."

"கால்ல முள்ளு குத்தி சீழ் வெச்சா, கழுவறப்ப ரத்தம் வராதா? வருதுன்னு கழுவாம வுட்டுடுவீங்களா?"

"கால் வேற, வாய் வேற. வாயிலதான் சோறு போவுது."

அழுக்கு போனால் ரத்தம் நின்றுவிடும் என்று நீ ஒருமுறை யாரிடமோ சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. அதை நம்பித்தான் பேசினேன். தப்பாகச் சொல்லிவிட்டு அவள் ஈறு இன்னும் கெட்டால்? கம்பி கழன்றால் யார் பொறுப்பு?

தனலட்சுமி அம்மாவின் கையிலிருந்து பிரஷை வாங்கினாள். "வலிக்கல. எனக்குத் தெரியுது எங்க தேய்க்கணும்னு. நீ கொஞ்சம் தள்ளிக்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள். சிவப்பு முழுவதும் போகும் வரை அவள் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

அதன்பிறகு சந்தைக்கு வரும் நாளெல்லாம், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி போட்டு ஓட்டும் அந்த பஸ்ஸில் இருமிக்கொண்டே இருவரும் வந்து இறங்குவார்கள். நம் வீட்டில் இடித்த வெற்றிலை, கண்ணாடி, பிரஷ். ஒவ்வொரு தடவையும் சிவப்பு குறைந்தது. ரத்தம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. வராமல் போன பிறகுதான் கவனித்தோம்.

திருச்சிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் ஊசி போன்ற கருவியால் ஈறோரத்தை ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தார். அஞ்சலை என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியாது.

"யாரும்மா தேய்ச்சு விடறது?"

"நானேதாங்க" என்றாள் தனலட்சுமி.

"அப்ப கம்பி இருக்கட்டும்" என்றார். பிறகு கம்பியை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். முன்பல் இரண்டில் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்த இடத்தைக் காட்டி, புளி அரித்த தழும்பு, இது போகாது என்றும் சொன்னார். வெளியே வந்ததும் அஞ்சலை அழுதாள். "நான் போட்ட தழும்பும்மா." மகள் அம்மாவின் தோளில் இடித்தாள். "சிரிச்சாத்தான தெரியும்? எனக்குச் சிரிக்கறதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. வா, ரயிலு போயிடும்."

கொள்ளிடப் பாலத்தில் ரயில் ஏறியபோது காற்று திரும்பி, எஞ்சின் கரி ஜன்னல் வழியே உள்ளே பறந்து வந்தது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் துண்டாலும் கையாலும் வாயைப் பொத்தினோம். எதிரே தனலட்சுமி இரண்டு கையையும் மடியில் வைத்தபடி இருந்தாள். முறுக்கிய வலியோடு மேலுதட்டைக் கீழே இழுத்து, கீழுதட்டை மேலே கொண்டுவந்து, வாயை மூடினாள். பாலம் முடியும் வரை மூடியே இருந்தாள். அவள் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் வாயைப் பொத்த மறந்து கரியெல்லாம் விழுங்கினாள்.

ஞானம், நீ கட்டிய கம்பியோடு இன்னும் சிலர் இருக்கிறார்கள். திருமானூரிலிருந்து ஒருவர் அடுத்த வாரம் வருகிறேன் என்று ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: வருகிற யாரிடமும் முதலில் நான் வாய் திறக்க மாட்டேன். நீங்கள் எப்படித் தேய்ப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்பேன். அவர்கள் காட்டி முடிக்கும் வரை மூலை நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பேன்.

உன் அக்காவைக் கட்டிய,
உன் அத்தான்,
சூசை வாத்தியார்