அம்மனுக்கு நேந்துகிட்ட முடி

செமிலிங்,
கெடா, மலேசியா,
2 ஏப்ரல் 2025

என் உயிர் நவமணி அக்காவுக்கு,

உங்க நம்பர் ஒன் ஃபேன் யோகேஸ்வரி எழுதறேன். போனை ஆஃப் பண்ணிப் போட்டுட்டீங்க, வேற வழியில்லாம முதல் தடவையா லெட்டர்! ஸ்டாம்பு எங்க ஒட்டறதுன்னு யூடியூப்ல பாத்தேன் லா, சிரிக்காதீங்க.

உங்க அண்ணி எல்லாம் சொன்னாங்க. பத்தாம் தேதி அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில கீமோ ஆரம்பிக்கணுமாம், நீங்க திருவிழாவுக்கு அப்புறம்னு தள்ளி வெச்சிட்டீங்களாம். ஏன்க்கா? ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்குக் கஞ்சி கொண்டு வந்தப்போ நானும் பக்கத்துலதானே நின்னேன்? "மார்புல இருந்த கட்டிய எடுத்தாச்சு, மிச்சம் எங்கயாவது ஒளிஞ்சிருந்தா மருந்துதான் பிடிக்கும், லேட் பண்ணாதீங்க"ன்னு டாக்டர் சொன்னாங்களே. எனக்குக் கேட்டுச்சு, உங்களுக்குக் கேக்கலையா?

கோவம் கோவமா வருது. உருமி மேளத்துல அத்தனை ஆம்பளைங்க நடுவுல நின்னு பாடுற ஒரே பொம்பள நீங்க. அந்தக் குரல் எனக்கு இன்னும் நாப்பது வருசம் வேணும்.

உங்க பைத்தியம்,
யோகி


யான்,
6 ஏப்ரல்

அன்பு யோகிக்கு,

சாப்பிட்டியா? ஸ்டாம்ப தலைகீழா ஒட்டியிருந்த.

எனக்கும் காது கேக்கும்மா. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, "ஆத்தா, கண்ணு முழிச்சா உன் திருவிழாவுல மொட்டை போடறேன்"னு நேந்துகிட்டேன். முழிச்சிட்டேன். மருந்து ஏத்துனா ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்டிடுமாம். திருவிழா மே பதினொண்ணு. சாமிக்குன்னு சொன்ன முடி பாத்ரூம் ஓட்டையில அடைச்சுக் கிடக்கணுமா? முன்னாடியே மழிச்சிடலாம்னா, கொடி ஏறாம மொட்டை கிடையாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. ஒரு மாசம்தானே. மேடையில பாடி முடிச்சு, முடியக் குடுத்துட்டுப் போறேன்.

சொந்தக்காரங்க ஆளாளுக்கு டுரியான் பெலாண்டா, அதான் முள்சீத்தா, இலைய வேகவெச்சுக் குடிச்சா சரியாயிடும்கறாங்க. அந்தத் தொல்லை தாங்காமத்தான் போனை அணைச்சேன். வெளிய யாருக்கும் தெரிய வேணாம். சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா


செமிலிங்,
10 ஏப்ரல்

அக்கா,

இன்னைக்குப் பத்து. நீங்க அங்க மருந்து ஏத்திக்கிட்டு உக்காந்திருக்க வேண்டிய நாள். எனக்கு ஒரு வேலையும் ஓடல. ஆத்தா என்ன, முடிய எண்ணிப் பாத்தா வாங்கப் போறா?

திட்டுங்க. அடிக்கக்கூட அடிங்க. காலையில நம்ம ஃபேன் பேஜ்ல போட்டுட்டேன். "அக்காவுக்குக் கேன்சர், கீமோவுக்குப் போக மாட்டேங்கறாங்க, எல்லாரும் சொல்லுங்க"ன்னு. ஒன்பதாயிரம் பேர் சொன்னா கேப்பீங்கன்னு நெனச்சேன். மத்தியானமே அழிச்சிட்டேன். அதுக்குள்ள எடுத்து எங்கெங்கயோ அனுப்பிட்டாங்க.

என் மேல கோவப்படுங்க. ஆனா போங்க.

யோகி


யான்,
14 ஏப்ரல்

யோகேஸ்வரி,

புத்தாண்டும் அதுவுமா கோயில் கமிட்டி நடராஜா அண்ணன் வந்தாரு. ஆரஞ்சுப் பழத்த மேசையில வெச்சாரு, டீ குடிச்சாரு. "தங்கச்சி, இந்த வருசம் ரெஸ்ட் எடு லா. சாமி காரியம் பாரு, உன் சீக்கு ஊருக்கே தெரிஞ்சு போச்சு, ஜனங்க ஒரு மாதிரி பேசுவாங்க. பாடறதுக்கு கூலிம் ஊர்ல வேற ஆள் சொல்லிட்டோம்"னாரு.

அப்போ என் மொட்டைன்னு கேட்டேன்.

"அதையும் அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருசமாம்.

உன்னாலதான். இனி எழுதாத.

நவமணி


செமிலிங்,
18 ஏப்ரல்

அக்கா,

எழுதாதன்னு சொன்னீங்க, எழுதறேன். பேஜை மூடிட்டேன். மன்னிச்சிடுங்கன்னு எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்டேன், எது எழுதுனாலும் பொய் மாதிரி இருக்கு. ஏன்னா நீங்க போவீங்கன்னா மறுபடியும் அதே வேலையத்தான் பண்ணுவேன்.

போறீங்களா இல்லையா? அது மட்டும் தெரியணும்.

யோகி


யான்,
6 மே

யோகி,

போயிட்டேன். நடராஜா அண்ணன் வந்துட்டுப் போன மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "அன்னைக்கே வாங்கன்னுதானே சொன்னோம்"னு நர்ஸ் மிஸ்ஸி திட்டினாங்க. அந்த வாரமே ஏத்திட்டாங்க. திருவிழாவே என்னைய வேணாம்னு சொல்லிடுச்சு, நான் யாருக்காகக் காத்துக்கிடக்கறது?

வாயெல்லாம் புண்ணு. கஞ்சியில உப்பு இருக்கா இல்லையான்னே தெரியல. கோவம் ஒண்ணுதான் ருசியா இருக்கு.

நேத்து சீப்புல கொத்தா வந்துச்சு. உக்காந்து அழுதேன். அப்புறம் ஒரு முடி விடாம பொறுக்கி மஞ்சத் துணியில முடிஞ்சேன். நான் வாக்கு குடுத்தது அவளுக்கு, கமிட்டிக்கு இல்ல. கத்தி எடுத்தா என்ன, மருந்து எடுத்தா என்ன?

கூட்டத்துக்குள்ள போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அந்தத் துணி மூட்டைய அண்ணி கொண்டு வந்து குடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை நீ எடுத்துட்டுப் போ. வழியில யாரு நின்னாலும் நிக்கட்டும், நேரா போய் ஆத்தா காலடியில வை.

உன்ன மன்னிச்சிட்டேனான்னு எனக்கே தெரியல, கேக்காத.

போனை மட்டும் வீட்டுலயே வெச்சிட்டுப் போ.

அக்கா