முப்பத்தொரு வருஷத்து வயிற்றுக் கோளாறு

அருமை மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே வீட்டில் பாதிப் பேர் நலம், அதாவது உன் அப்பா நலம். நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை, நலமில்லை என்றுதான் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாயே. ஆபீஸுக்குக் கிளம்பும்போது வாந்தி, முழங்கையில் தடிப்பு, தலை வாரினால் சீப்பு நிறைய முடி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மறுநாளை நினைத்து நெஞ்சு படபடப்பு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்தேன். எனக்குப் பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, உங்களுக்கு இழப்பீடு கிடையாது என்று ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கடிதம் அடித்து அனுப்புவது ஒரு கஷ்டமா? அதை விட்டுவிட்டு மிருக ஆஸ்பத்திரியில் நாய் குளிப்பாட்டப் போகிறாயாம், அவர்களும் வா என்று சொல்லிவிட்டார்களாம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், அம்மா சரி என்று எழுதினால்தான் ராஜினாமா கொடுப்பாயாம், எழுதாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருந்துவிடுவாயாம். முப்பத்தொரு வயதுக் கழுதைக்கு இன்னும் அம்மா முந்தானை வேண்டியிருக்கிறது. சின்ன வயதிலும் நீ அப்படித்தான், எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்பதற்குக்கூட என் மூஞ்சியைப் பார்ப்பாய்.

உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீ பிறந்த வருஷம் அவர் குடிநீர் ஆபீஸில் புகார் வாங்குகிற ஜன்னலில் உட்கார்ந்தார், ரிட்டயர் ஆகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. குழாயில் தண்ணீர் வராதவன் எல்லாம் வந்து அவரைத் திட்டுவான், இவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவார், தண்ணீர் விடுகிற அதிகாரம் இவருக்குக் கிடையாது. தினமும் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டதும் கொல்லைக் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுப்பார், வாயைக் கொப்பளித்துவிட்டு பஸ் பிடிப்பார். வயிற்றுக் கோளாறு என்று நான் தீர்மானம் செய்துவிட்டேன். டாக்டர் கொடுத்த பத்தியத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன், உப்பு ஆகாது, காரம் ஆகாது, எண்ணெய் ஆகாது, எல்லாம் வேகவைத்துத்தான். நீயும் அதைத் தின்றுதான் வளர்ந்தாய், அதனால்தான் உனக்கு ரோஷம் குறைவு. நான் மட்டும் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கேன்டீனில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன், அது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. இப்போது கேள், அவர் ரிட்டயர் ஆன ஒன்பதாம் நாள் வாந்தி நின்றுவிட்டது. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறார், கல்லைத் தின்றாலும் செரிக்கும் போலிருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்து பழைய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, 'வயித்துல ஒண்ணுமே இல்லம்மா, என்னைக்குமே இருந்திருக்காது, அந்த ஜன்னல்தான் இவருக்கு நோவு' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த டாக்டர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

நான் அத்தனை வருஷமும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வெந்நீர் ஆவிக்கு நடுவில் நின்றேன், எட்டுப் பேரைக் கட்டி மேய்த்தேன், ஒரு நாள் தலைவலி என்று படுத்ததில்லை. அழுக்கு மூட்டையாக உள்ளே வருகிற விரிப்பு மொடமொடவென்று மடிப்புக் கலையாமல் வெளியே போகும்போது எனக்கு ஒரு கர்வம் வரும். நாற்காலியில் உட்காருகிற மனுஷருக்கு என்ன நோவு என்று அப்பாவைக் குத்திக் காட்டாத நாளில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் எனக்கும் வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ரத்த அழுத்தம், கை நடுக்கம், முட்டி வீங்கி வாசல்படி இறங்க முடியவில்லை, இருக்கிற இரண்டு விரிப்பையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருக்கிறேன். அதே டாக்டர், 'உங்களுக்கு வேலை போனதுதான் சீக்கு' என்கிறார், அந்த ஆளுக்கு வேறு வார்த்தையே தெரியாது.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாதது. உனக்கு மூன்று வயதாக இருந்தபோது ஊருக்கு வெளியே நாற்றுப் பண்ணை வைத்திருந்த, அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், கூடவே இருந்து பண்ணையைப் பார்த்துக்கொள்ள வா என்று அப்பாவுக்கு எழுதினார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறேன் என்று நாலு பக்கத்துக்குப் பதில் எழுதி, அங்கிருந்து நாள் குறித்துக் கடிதம் வந்ததும் ஆபீஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று, வழக்கம்போல என்னிடம் தபாலில் சேர்க்கக் கொடுத்தார், ஆஸ்பத்திரிக்கு எதிரில்தானே தபால் பெட்டி. நான் அதைச் சலவைக்கூடத்துக் கொதிகலன் அடுப்பில் போட்டேன். ஆபீஸ்காரர் பெண்டாட்டி என்று நாலு பேர் சொல்வதை விட்டுவிட்டு மண்வெட்டிக்காரர் பெண்டாட்டியாக எனக்கு இஷ்டமில்லை, வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நேரில் போய்க் கேட்க அவருக்குக் கூச்சம், இரண்டு மாதம் தபால்காரர் வருகிற நேரத்துக்கெல்லாம் வாசலில் போய் நின்றார். கடைசியில், 'நம்மள யாருக்கு வேணும்' என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். நானும், 'அதான் பாருங்க' என்றேன்.

போன மாதம் முடி வெட்டுகிற கடையில் அந்தப் பண்ணைக்காரர் இவரைப் பார்த்து, ஏனய்யா அன்றைக்கு ஒரு பதில்கூடப் போடவில்லை என்று கேட்டிருக்கிறார். பாதித் தலை வெட்டினபடியே வீட்டுக்கு வந்தார். 'போட்டியா?' என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். 'போடல' என்றேன். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன், மனுஷர் மீதித் தலையை வெட்டிக்கொள்ளக் கிளம்பிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து பண்ணைக்குப் போகிறார், நகக்கண்ணெல்லாம் மண், முகத்தில் பத்து வயது குறைந்திருக்கிறது. எனக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான் சொன்னார். உன் அப்பா சுவரில் இருக்கிற பழைய தாளைப் பார்த்து அப்படியே சமைத்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து நான் தின்று முடிக்கிற வரை பார்க்கிறார். 'மெதுவா சாப்பிடு, பழகிடும், எனக்கு முப்பத்தொரு வருஷம் ஆச்சு' என்கிறார், குரலில் கோபமே இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என்று முன்பு நினைத்தேன், இப்போது மற்ற நேரத்திலும்.

நீ போய் நாயைக் குளிப்பாட்டு. இதுதான் என் பதில். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, நாய்க்காரி அம்மா என்று நாலு பேர் சொல்லும்போது எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனால் காலை வாந்தியை நான் ஒரு ஆயுசுக்குப் பார்த்தாகிவிட்டது, இன்னொரு ஆயுசுக்குப் பார்க்க முடியாது.

முட்டி இருக்கிற இருப்பில் தபால் பெட்டி வரை என்னால் நடக்க முடியாது. இதை நாளைக் காலையில் பண்ணைக்குப் போகிற வழியில் போடச் சொல்லி அவரிடம்தான் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பது என்ன பதில் என்று அவருக்குத் தெரியாது, மாதக் கடைசிக்குள் உனக்கு வந்து சேர வேண்டும் என்பது தெரியும். மறக்காமல் போடுவீங்கதானே என்று இன்றைக்கே கேட்டு வைத்தேன். 'நீ போட்ட மாதிரியே போடுறேன்' என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

நோய் நொடி இல்லாமல் இரு, தலைக்கு எண்ணெய் வை, உப்பு போட்டுச் சாப்பிடு. இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவர் என்னைப் போல இல்லை என்று புரிந்துகொள். பதிலை எனக்கு எழுதாதே, உன் அப்பா பெயருக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா