அழாத பிள்ளைக்கு ரெண்டு பன்னு

அப்பா,

விராலிமலை பஸ் நிறுத்தத்துக்கு எதிர் பேக்கரியில் இன்று காலை தேங்காய் பன் அடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெந்த தேங்காயும் சர்க்கரையும் கலந்த அந்த வாசனை ரோடு வரைக்கும் வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், அப்பா தினம் வாங்குவாரே, ரெண்டு கட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உங்கள் பேத்தி கனி முட்டை பப்ஸ் கேட்டாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்று அத்தை சொல்கிறாள். அவள் உங்கள் தங்கை, பேசட்டும். எனக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. உயிரோடு இருந்தவரை நான் எதைச் சொன்னாலும் பாதியில் டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். இப்போது கூட்ட முடியாது. முழுக்கக் கேளுங்கள்.

எனக்கு ஐந்து வயது. முந்தின நாள் சாயங்காலம் தேங்காய் பன் வேண்டும் என்று அம்மாவிடம் அடம்பிடித்து, கிடைக்காமலே தூங்கிப்போனேன். விடிவதற்குள் அம்மாவுக்கு முடியாமல் போய், காரில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். நான் எழுந்தபோது அம்மா இல்லை. நீங்களும் இல்லை. அத்தை என்னைத் தூக்கிப்போய்ப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் விட்டாள். மறுநாள் நீங்கள் அங்கே வந்தீர்கள். கண் சிவந்திருந்தது. என் கையில் ஒரு தேங்காய் பன்னை வைத்தீர்கள்.

“அம்மா கடைக்குப் போயிருக்கு ஆத்தா. வந்துரும். அழுவாத.”

நீங்கள் திரும்பிப்போனதும் நம் வீட்டில் அம்மாவை எடுத்தார்கள். பறைச் சத்தம் எனக்குக் கேட்டது. யார் வீட்டிலோ என்று நினைத்துப் பன்னைத் தின்றேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் சண்டையில் சொன்னாள், ஒங்கம்மா செத்துப்போச்சுல்ல என்று. அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? நான் பன் கேட்டேன், அதை வாங்கத்தான் அம்மா கடைக்குப் போனாள், அதனால்தான் திரும்பவில்லை. தெரிந்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. உங்களிடம் கேட்க முடியாது. அம்மா என்று வாயெடுத்தாலே எழுந்து உங்கள் டயர் கடைக்குப் போய்விடுவீர்கள். திரும்பி வரும்போது கையில் பன் இருக்கும். உங்களுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. “அழுவுற புள்ளைக்கு ஒரு பன்னு, அழுவாத புள்ளைக்கு ரெண்டு பன்னு.” நான் ரெண்டு பன் வாங்குகிற பிள்ளையாகவே வளர்ந்தேன்.

இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளாமல் என்னை வளர்த்தீர்கள். கோணல் வகிடு எடுத்துச் சடை பின்னிவிட்டீர்கள். தாய்க்குத் தாயாக இருந்தார் என்று ஊரே மெச்சுகிறது. இருந்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. வெறும் கெட்டவராக இருந்திருந்தால் நானும் எப்போதோ உங்களை விட்டுத் தொலைந்திருப்பேன்.

என்னோடு நின்றிருந்தால் இந்த மடலே எழுதியிருக்க மாட்டேன். கனியிடமும் அதையே செய்தீர்கள்.

உங்கள் மருமகன் குவைத்துக்குக் கிளம்பிய அன்று மத்தியானம் கனி தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு வயது. அவளை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நான் சொன்னேன். வாசலில் கார் நிற்கிறது. நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள். “எழுப்புனா அழுவும். அழுவுற புள்ளய விட்டுட்டுப் போனா அவருக்குப் போற எடத்துல மனசு நிக்குமா? சத்தமில்லாமப் போகச் சொல்லு.” அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். கனி எழுந்து அப்பா எங்கே என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பன்னோடு முந்திக்கொண்டீர்கள்.

“கடைக்குப் போயிருக்காரு தாயி. வந்துருவாரு.”

என் காதால் கேட்டேன். அதே கடை.

கனி அழவில்லை. நீங்கள் பெருமைப்பட்டீர்கள், பேத்தி உங்களைப்போல் திடமானவள் என்று. பிறகு அவள் மத்தியானம் தூங்குவதை நிறுத்தினாள். ராத்திரியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைத்திருப்பாள். மொட்டை மாடிக்கு மயில் வந்தால் துரத்திக்கொண்டு ஓடுகிறவள், மயில் அகவினாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஒருநாள் குளிப்பாட்டும்போது, நான் கெட்ட புள்ளதானே அம்மா என்று கேட்டாள். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டேன்.

புதுக்கோட்டையில் குழந்தைகளுக்கான மனநல டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா கனியை வெகுநேரம் கவனித்துவிட்டு, இது மனச்சோர்வு என்றார். இந்த வயதிலும் வரும், சரியாக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னதும் சிரித்தீர்கள். “நாலு வயசுப் புள்ளைக்கு என்ன மனக்கஷ்டம்? லோன் கட்டணுமா, பொண்ணக் கட்டிக் குடுக்கணுமா?” கடைக்கு வந்த லாரிக்காரர்களிடமும் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். என்னோடு என்றால் போகட்டும். என் மகளின் துக்கத்தை டீக்கடைப் பேச்சாக்கினீர்களே, அதை நான் மறக்கப்போவதில்லை.

மருந்து கொடுக்கவில்லை. பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கப்போவது நான் இல்லை, நீங்கதான் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். ஒரு அறையில் நானும் கனியும் விளையாட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்துகொண்டு, என் காதில் மாட்டிய இயர்போனில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கட்டளை போடக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, குறை சொல்லக்கூடாது. அவள் போகிற வழியில் கூடவே போக வேண்டும். அவள் செய்வதை வாயால் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. முதல் நாள் என் வாயில் வந்ததெல்லாம் நீங்கள்தான். ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க, எங்கே சிரி பாப்போம். நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

வீட்டிலும் தினம் கொஞ்ச நேரம் அப்படி விளையாடினோம். கனி சிவப்புக் கட்டையை எடுக்கிறாள், நீலத்து மேலே வைக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் நாற்காலியிலிருந்து, ஒங்காத்தா கிரிக்கெட் கமெண்ட்ரி சொல்றா பாரு என்பீர்கள். அப்புறம் டிவி சத்தம் கூடும்.

ஒருநாள் அந்த அறையில் கனி ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கைக்குட்டையால் போர்த்தினாள். இன்னொரு பொம்மையை மெதுவாக மேஜை ஓரம் வரை நடத்திக் கீழே போட்டாள்.

“இந்தப் பாப்பா தூங்கிருச்சு. அதான் அவங்க போயிட்டாங்க.”

எனக்கு அவளை வாரி எடுத்து, அப்படியில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. காதில் குரல் வந்தது, எதையும் சரிபண்ணாதீங்க, அவ மனசுல இருக்கறத மட்டும் சொல்லுங்க என்று. நான் சொன்னேன்: “தூங்குனதாலதான் போயிட்டாங்கன்னு பாப்பா நெனைக்குது. பாப்பாவுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.” கனி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எத்தனையோ வாரம் கழித்து முழுசாகப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் உங்களைத்தான் சபித்தேன். நான் கேட்ட பன்னும் அவள் தூங்கின தூக்கமும் ஒன்றுதானே.

அதன் பிறகு கனியின் அப்பாவோடு வீடியோ காலில் உட்கார்ந்து அவளிடம் உண்மையைச் சொன்னோம். அப்பா விமானத்தில் வேலைக்குப் போயிருக்கிறார், லீவு கிடைத்தால்தான் வருவார், நீ தூங்கினதால் போகவில்லை என்றோம். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். மயிலுக்கு அரிசி எடுத்துப்போனாள்.

உங்களுக்குப் பொறுக்கவில்லை. ஒன் பொறந்த நாளைக்கு அப்பா வந்துருவாரு என்று அவள் காதில் ஓதிவிட்டீர்கள், கையில் பன்னோடு. பிறந்த நாளன்று அவள் புது கவுனைப் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றாள். கேக் வெட்டக் கூப்பிட்டும் வரவில்லை. இருட்டிய பிறகு தூக்கிவந்தேன். மறுநாளிலிருந்து பழையபடி கன்னத்தில் சோறு.

இனிமே எம் புள்ளைகிட்ட நீங்க பேசக் கூடாது என்றேன். சொன்னபடி உங்களைப் பேசவும் விடவில்லை. உங்கள் கண்ணெதிரே அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். வெளியே உங்கள் இருமல் கேட்கும். அதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து அவளைத் திரும்பக் கொண்டுவந்தோம், நானும் டாக்டரம்மாவும்.

கடையில் ஒரு லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. கனி பள்ளியிலிருந்து வருவதற்குள் உங்களை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பிள்ளையை அங்கிட்டுக் கொண்டுபோய் விடு, தாத்தா ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லு என்று அத்தை என் கையைப் பிடித்தாள். அவள் கையில் ஒரு தேங்காய் பன் இருந்தது. அதற்குள் யாரையோ அனுப்பி வாங்கியிருக்கிறாள்.

நான் கனியின் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவே உங்கள் தலைமாட்டுக்குக் கூட்டிவந்தேன். முழங்காலிட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். இப்போது காதில் எந்தக் குரலும் இல்லை.

“தாத்தா தூங்குறாரா?”

“இல்ல தங்கம். தாத்தா செத்துப்போயிட்டாரு. இனிமே எந்திரிக்க மாட்டாரு. வர மாட்டாரு.”

“நான் தூங்கவே இல்லையே.”

“ஒன்னால இல்ல. நீ எதுவும் பண்ணல.”

அவள் பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்து உங்களைப் பார்த்தாள். பிறகு அழுதாள் அப்பா. ஒப்பாரி வைத்த பெண்களே நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். தன் அப்பா குவைத்துக்குப் போன அன்று அழாத அழுகையும் அதில் இருந்தது. அத்தை பன்னோடு ஓடிவந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன், அழட்டும் என்றேன். வாழ்நாள் முழுக்க ஒரு பிள்ளையின் அழுகையைக் காதில் வாங்காத உங்களுக்கு, காதடியிலேயே கேட்கும்படி அழவிட்டேன். எழுந்து டயர் கடைக்குப் போக முடியாமல் படுத்திருந்தீர்கள். எனக்கு நிறைவாக இருந்தது.

அழுது முடித்து மூக்கை என் தோளில் துடைத்துவிட்டு, கனி என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். “ஒனக்கும் வருத்தமா இருக்காம்மா?” என்றாள்.

அப்போதுதான் உடைந்தேன். மகள் கதறுகிறாள் என்று கூட்டம் உச்சுக் கொட்டியது. அது உங்களுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். என்னை எழுப்பாமல் நீங்கள் காரில் ஏற்றிப்போன என் அம்மாவுக்கு, ஐந்து வயதில் அழ வேண்டியதை அன்று உட்கார்ந்து அழுதேன்.

உங்களுக்கான அழுகையை நான் இன்னும் அழவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது. எங்கே போனாலும் கூடவே வருகிறது, இன்று பேக்கரி வாசலில்கூடத் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அழாத பிள்ளைக்கு ரெண்டு பன்னு என்பீர்களே அப்பா, அந்த ரெண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.