நிழல் மரத்து வழக்கு

1959 ஆவணி, வியாழன் இரவு.

நுவரெலியா ஹோட்டலில் எனக்கு ஸ்டோர் வேலை கிடைத்துவிட்டதென்று நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளெல்லாம் பேசுகின்றன. கிடைக்காது. சேருமுன் பொலிஸ் ரிப்போர்ட் வேண்டுமாம். இன்று ஸ்டேஷனுக்குப் போனேன்.

"ஏதாவது கேஸ் இருக்கா?" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார்.

மரத் திருட்டு என்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்பா செத்த அன்று அவரை எரிக்கத் தேயிலைக்குள் நின்ற நிழல் மரமொன்றை வெட்டினேன். சாவென்றால் வெட்டிவிட்டுப் பிறகு துரையிடம் சொல்வதுதான் தோட்டத்து வழக்கம். துரை புதியவர். கேஸ் போட்டுவிட்டார். "ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிரும் தம்பி" என்றார் கங்காணி. ஒத்துக்கொண்டேன். முடியவில்லை.

"நீ எதுக்கு வெட்டினேன்னு ரிப்போர்ட்ல எழுத மாட்டோம்" என்று சொல்லிவிட்டார் பொலிஸ்காரர்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப் போட்டிருக்கிறாள். ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னைக்கும் இப்படித்தான், பச்சை மரம். உங்கப்பா சரியாக்கூட வேகலடா."