கறை மறைந்துவிட்டது

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். இருமல்கூட விட்டுவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கட்டியின் துண்டை இங்கே எங்கள் ஆய்வகத்திலேயே மறுபடி சோதிக்கச் சண்டை போட்டேன். செல் பெருக்கத்தை அடக்கும் புரதம் கெட்டுக் குவிந்திருந்தால், ஆன்டிபாடி என்கிற சோதனைப் பொருள் அதைப் பிடித்துப் பழுப்புக் கறை காட்டும். உன் விஷயத்தில் அது ஆள் மாறி வேறு எதையோ பிடித்துவிட்டது என்பது என் வாதம். அதையும் சோதிக்கலாம். அந்தப் புரதத்தின் ஒரு துணுக்கைப் போலவே செயற்கையாகச் செய்த பெப்டைடை முதலில் கலந்தால், ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொண்டு கட்டியை விட்டுவிடும். கறை மறைந்தால், புற்றுநோய் என்று உன் டாக்டர் சொன்னது சரி. மறையாவிட்டால் நான் சொன்னது சரி.

பெப்டைடு கலந்து சோதித்த கண்ணாடித் தகடு துடைத்துவிட்டது போல இருந்தது.

“இன்னொரு தடவை போடும்மா” என்றேன்.

“மூணு தடவை போட்டாச்சு, பெரியவரே. உங்க பிடிவாதத்தை அடக்கத்தான் பெப்டைடு இல்ல. வீட்டுக்கு எழுதுங்க” என்றாள் ஆய்வகத்தை மேற்பார்வை பார்க்கும் பெண்.

உன் டாக்டர் பேசிய திமிரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நான் நிறுத்திவைத்த மருந்தைத் திங்கட்கிழமையே தொடங்கு. பயப்பட ஒன்றுமில்லை.

தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது, ஒன்று அனுப்பு. பார்சல் மேல் முகவரியை மகளிடம் விடாமல் நீயே எழுது. பேனாவை அழுத்தி எழுது, உன் கையெழுத்தை நான் பார்க்க வேண்டும்.

தபால் வண்டி வந்துவிட்டது.

பெரியவளின் அப்பா